ஹார்ட்வேர் வாலட்: வாங்குவது முதல் வாரிசுக்குச் சொல்லி வைப்பது வரை

தென்னாப்பிரிக்காவில் லூனோ, வேலர் போன்ற எக்ஸ்சேஞ்சில், அதாவது கிரிப்டோ வாங்கி விற்கும் இணையச் சந்தையில், மாதாமாதம் கொஞ்சம் பிட்காயின் வாங்கி, வாங்கியதை அங்கேயே விட்டு வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், லெனேசியா பக்கம் நம்மவர்களிடம் பேசினால் கிரிப்டோ வாங்கத் தெரிந்தவர்கள் நிறையவே இருக்கிறார்கள். வாங்கியதைத் தன் கையில் வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள்தான் குறைவு. "அதெல்லாம் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளுக்கு" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஹார்ட்வேர் வாலட் என்பது கிரிப்டோவின் சாவியை வைத்திருக்கும் ஒரு சின்னக் கருவி. வங்கிச் செயலியில் பணம் அனுப்பத் தெரிந்த யாரும் அதைக் கையாளலாம். அவசரம் இல்லாத ஒரு மதியப் பொழுது வேண்டும், அவ்வளவுதான்.

எக்ஸ்சேஞ்சில் உங்கள் பெயருக்கு நேரே தெரியும் எண், அந்த நிறுவனம் தன் ஏட்டில் எழுதி வைத்திருப்பது. நாணயங்களின் சாவி அவர்களிடம்தான் இருக்கிறது. 2021 மார்ச்சில் ஐஸ்3எக்ஸ் என்ற தென்னாப்பிரிக்க எக்ஸ்சேஞ்ச், பிட்காயின், லைட்காயின் இருப்பில் கணக்கு இடிக்கிறது என்று சொல்லி வர்த்தகத்தை நிறுத்தியது. பிறகு நிறுவனமே கலைப்புக்குப் போனது. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற பெரிய பன்னாட்டு எக்ஸ்சேஞ்ச் விழுந்தபோது உலகம் முழுக்க அதே கதை. இங்கே 2022 அக்டோபரில் நிதித்துறை நடத்தை ஆணையமான எஃப்எஸ்சிஏ, கிரிப்டோவை நிதிப் பொருளாக அறிவித்தது. அதன்பின் இந்தச் சேவை தரும் நிறுவனங்கள் உரிமம் வாங்கியாக வேண்டும். நிலைமை முன்பைவிட மேல்தான். ஆனால் உரிமம் என்பது உத்தரவாதம் ஆகாது.

ஹார்ட்வேர் வாலட் எதிலிருந்து காப்பாற்றாது என்பதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். 2020 கடைசியில் சரிந்த மிரர் டிரேடிங் இன்டர்நேஷனல் என்ற தென்னாப்பிரிக்க முதலீட்டு மோசடி ஞாபகம் இருக்கிறதா? அது குறைந்தது 29,421 பிட்காயினை மக்களிடமிருந்து வாங்கியது என்று அமெரிக்காவின் வர்த்தக ஒழுங்குமுறை ஆணையமான சிஎஃப்டிசி தன் வழக்கில் சொன்னது. அந்த மக்கள் யாரும் ஹேக் செய்யப்படவில்லை. மாத லாபம் வரும் என்று நம்பித் தம் கையாலேயே அனுப்பினார்கள். உங்கள் விரலே பொத்தானை அழுத்தும்போது எந்தக் கருவியும் தடுக்காது.

எல்லோருக்கும் இது தேவையா என்றால், இல்லை. உங்கள் கையிருப்பு மொத்தம் ஐயாயிரம் ரேண்டுக்குள் என்றால், கருவியின் விலையே அதில் நல்ல பங்கைத் தின்றுவிடும். அப்போதைக்கு எக்ஸ்சேஞ்ச் கணக்கை, நுழையும்போது போனிலேயே புதுக் குறியீடு தரும் ஆத்தென்டிகேட்டர் செயலியால் பூட்டி வைத்தால் போதும். குறுஞ்செய்தியில் வரும் குறியீட்டை மட்டும் நம்ப வேண்டாம். உங்கள் எண்ணைத் தன் சிம்முக்கு மாற்றிக்கொள்ளும் சிம் ஸ்வாப் திருட்டு இந்த நாட்டில் பழகிப்போன தொழில். தொலைந்தால் தூக்கம் போகும் என்ற அளவுக்குத் தொகை வளர்ந்துவிட்டதா? அப்படியானால் மேலே படியுங்கள்.

பணம் கருவிக்குள் இல்லை

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. ஒரு அக்கா என்னிடம் கேட்டார்: "தம்பி, இந்தப் பெட்டி கடல்ல விழுந்தா என் காசும் போச்சா?" போகாது அக்கா. பெட்டிக்குள் காசே இல்லை. யாரிடம் எவ்வளவு பிட்காயின் இருக்கிறது என்ற பதிவு, உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. அதிலிருந்து உங்கள் பங்கை நகர்த்த ஒரு ரகசிய எண் வேண்டும். அதற்குப் பிரைவேட் கீ என்று பெயர். ஹார்ட்வேர் வாலட் அந்தக் கீயை உருவாக்கி, தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, நீங்கள் சரி என்று அழுத்தும்போது மட்டும் கையெழுத்துப் போட்டுத் தரும். கையெழுத்து மட்டும்தான் வெளியே போகும், கீ போகாது. அதனால்தான் வைரஸ் பிடித்த கணினியில் செருகினாலும் அது கீயைத் திருட முடியாது.

அந்தக் கீயின் மூலம், கருவியை முதல்முறை இயக்கும்போது திரையில் வரும் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள். சீட் ஃபிரேஸ் என்பார்கள்; மீட்புச் சொற்கள் என்று வைத்துக்கொள்வோம். 2,048 சொற்கள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலிலிருந்து கருவி அவற்றைக் குருட்டாம்போக்கில் பொறுக்குகிறது. கருவி உடைந்தாலும் திருடுபோனாலும், இந்தச் சொற்களைப் புதிய கருவியில் இட்டால் எல்லாம் திரும்பிவிடும். மாறாக, சொற்கள் வேறொருவர் கண்ணில் பட்டால் கருவி உங்கள் பாக்கெட்டிலேயே இருந்தாலும் பணம் போய்விடும். ஆகவே கருவியை வழக்கமான கவனத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். சொற்களுக்குத்தான் உயிரைக் கொடுக்க வேண்டும். நான் பார்த்தவரை மக்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கருவியைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, சொற்களைப் போனில் படம் எடுத்து வைத்திருப்பார்கள்.

எதை வாங்குவது, எங்கே வாங்குவது

இந்தத் துறையில் முதலில் வந்தது செக் நாட்டின் ட்ரெசர், 2014இல். பிரான்சின் லெட்ஜர்தான் அதிகம் பேசப்படுவது. சுவிட்சர்லாந்தின் பிட்பாக்ஸ், கனடாவின் கோல்ட்கார்ட் ஆகியவையும் நல்ல பெயர் உள்ளவை. கோல்ட்கார்ட் பிட்காயினுக்கு மட்டும்தான், புதியவர்களுக்கும் அது கொஞ்சம் கரடுமுரடு. தொடக்கத்துக்கு ட்ரெசர் சேஃப் 3 அல்லது லெட்ஜர் நானோ எஸ் பிளஸ் போதும். தொடுதிரை, வண்ணத்திரை என்று விலை ஏறும் மாடல்களில் வசதி கூடுகிறது. பாதுகாப்பு அதே விகிதத்தில் கூடுவதில்லை. உங்களிடம் ஐபோன் மட்டும்தான் இருக்கிறது, கணினி இல்லை என்றால் இந்த இரண்டும் சரிப்படாது. ப்ளூடூத் உள்ள மாடலைத் தேட வேண்டும்.

லெட்ஜரா ட்ரெசரா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. ட்ரெசரின் மென்பொருள் திறந்த மூலம், யாரும் படித்துப் பார்க்கலாம். லெட்ஜரில் அதிக வகை நாணயங்களை அதன் சொந்தச் செயலியிலேயே பார்க்கலாம். 2023 மே மாதத்தில் லெட்ஜர், மீட்புச் சொற்களின் மூலத்தைத் துண்டுகளாக்கி நிறுவனங்களிடம் ஒப்படைக்கும் ஒரு கட்டணச் சேவையை அறிவித்தபோது பலர் கோபப்பட்டார்கள். நீங்களாகச் சேர்ந்தால்தான் அது நடக்கும். சேராமல் இருந்தால் போதும்.

வாங்கும் இடம்தான் முக்கியம். நிறுவனத்தின் சொந்த இணையதளம், அல்லது அந்தத் தளத்திலேயே அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் என்று பட்டியலிட்டிருக்கும் தென்னாப்பிரிக்கக் கடை. இந்த இரண்டைத் தவிர வேறெங்கும் வேண்டாம். பழைய பொருள் விற்கும் தளத்தில் பாதி விலை, நண்பனின் நண்பன் உபயோகிக்காமல் வைத்திருந்தது, வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் துபாயிலிருந்து கொண்டுவந்தது, எதையும் தொடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 15 சதவீத வாட் வரியும் கூரியர் கட்டணமும் சேரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பல நேரம் உள்ளூர்க் கடையே மலிவாக முடியும்.

ஆர்டர் கொடுக்கும்போது வீட்டு முகவரியைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். 2020இல் லெட்ஜரின் வாடிக்கையாளர் பட்டியல் திருடப்பட்டு, அந்த டிசம்பரில் சுமார் 2,72,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் இணையத்தில் கொட்டப்பட்டது. வீடு புகுந்து கொள்ளையடிப்பது சாதாரணமாகிவிட்ட நாட்டில், "இந்த வீட்டில் கிரிப்டோ இருக்கிறது" என்ற பட்டியலில் உங்கள் தெருப் பெயர் எதற்கு? அலுவலக முகவரியோ கூரியர் லாக்கரோ போதும். இதற்கென்று தனி மின்னஞ்சல் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி வந்தபின்

பெட்டியைப் பிரித்ததும் ஒன்றே ஒன்றைப் பாருங்கள். உள்ளே இருக்கும் சீட்டில் சொற்கள் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறதா? அல்லது பின் எண் தயாராக இருக்கிறதா? இருந்தால் அது மோசடி, திருப்பி அனுப்புங்கள். சொற்கள் உங்கள் கண்முன் கருவியின் திரையில் புதிதாகப் பிறக்க வேண்டும். வேறு எந்த வழியிலும் வரக்கூடாது. 2021இல் லெட்ஜர் பட்டியலில் இருந்த சிலரின் வீட்டுக்கு, "உங்கள் பழைய கருவி பாதுகாப்பற்றது, இதோ புதியது" என்ற கடிதத்தோடு போலிக் கருவியே தபாலில் வந்தது. அட்டைப்பெட்டி, கண்ணாடிக் காகிதம் எல்லாம் அசல் போலவே. ஆகவே சீல் உடையாமல் இருப்பதை மட்டும் வைத்து நம்ப வேண்டாம்.

அடுத்து செயலி. கூகுளில் தேடி மேலே வரும் விளம்பரத்தைச் சொடுக்காதீர்கள். பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் முகவரியை, அதாவது ட்ரெசர் டாட் ஐஓ அல்லது லெட்ஜர் டாட் காம், நீங்களே தட்டச்சு செய்து அங்கிருந்து இறக்குங்கள். பெரிய செயலிக் கடைகளிலும் போலிகள் நுழைந்திருக்கின்றன. 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே ஒரு போலி லெட்ஜர் செயலி இருந்து, பலரின் பிட்காயினைச் சுருட்டியது.

கருவியைச் செருகியதும் செயலி அது அசலா என்று சோதிக்கும். லெட்ஜரிலும் ட்ரெசரின் சேஃப் வரிசையிலும் இதற்கென்று ஒரு சிப் இருக்கிறது. சோதனை தேறிய பிறகே மேலே போங்கள். ட்ரெசர், கருவிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் இல்லாமலேதான் வரும், செயலிதான் அதை ஏற்றும், பயப்பட வேண்டாம். பேட்டரி உள்ள லேப்டாப்பில் இதைச் செய்யுங்கள். லோட் ஷெடிங் என்ற மின்வெட்டு முன்பு போல இல்லை என்றாலும், நடுவில் மின்சாரம் போய்ப் பதறுவது எதற்கு?

பின் எண்ணுக்கு வருவோம். நம் ஐடி எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி என்பது எல்லாத் திருடனுக்கும் தெரியும். அதையும், கல்யாண நாளையும், ஏடிஎம் எண்ணையும் விட்டுவிடுங்கள். ஆறு முதல் எட்டு இலக்கம் வையுங்கள். தொடர்ந்து தவறாக அழுத்தினால் லெட்ஜர் மூன்றாவது முறையிலும், ட்ரெசர் பதினாறாவது முறையிலும் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அது திருடனுக்கு எதிரான ஏற்பாடு. சொற்கள் உங்களிடம் இருக்கும்வரை உங்களுக்கு நஷ்டம் இல்லை.

சொற்களை எழுதுவது

இந்த இடத்தில் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். போனை வேறு அறையில் வையுங்கள். சிசிடிவி இருக்கும் கூடத்தில் உட்கார வேண்டாம். நம் வீடுகளில் இப்போது கேமரா இல்லாத கூடம் அரிது.

ட்ரெசரின் புதிய மாடல்கள் எதுவும் கேட்காவிட்டால் 20 சொற்கள் தரும். அது வேறு முறை, பட்டியலும் வேறு, மற்ற பிராண்டுகள் பலவற்றில் அதை மீட்க முடியாது. நாளைக்கு வேறு நிறுவனக் கருவிக்கு மாறும் சுதந்திரம் வேண்டுமென்றால், அமைப்பின்போதே 12 அல்லது 24 சொல் முறையைத் தேர்ந்தெடுங்கள். 12 சொற்களே போதுமான பலம் உள்ளவை. லெட்ஜர் 24 தரும்.

பேனாவால், தெளிவான ஆங்கில எழுத்தில், எண் போட்டு, வரிசையாக எழுதுங்கள். வரிசை மாறினால் வாலட்டே மாறிவிடும். தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்து எழுதினால் ரகசியமாக இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். பத்து வருடம் கழித்து எந்த எழுத்துக்கு எந்த ஸ்பெல்லிங் என்று திண்டாடுவது நீங்கள்தான். சொல்லின் முதல் நான்கு எழுத்துகள் போதும், பட்டியலில் எந்த இரண்டு சொல்லுக்கும் அவை ஒன்றாக இருக்காது. ஆனாலும் முழுச் சொல்லையும் எழுதிவிடுங்கள்.

படம் எடுக்காதீர்கள். மின்னஞ்சலில் வைக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்புவதும் வேண்டாம், பிரிண்டரில் நகல் எடுப்பதும் வேண்டாம். போனில் எடுக்கும் படம் தானாகவே மேகக்கணினிக்குப் போய்விடும் என்பது ஒரு பக்கம். 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்த ஸ்பார்க்கேட் என்ற தீநிரல், போனின் கேலரியில் உள்ள படங்களைப் படித்து மீட்புச் சொற்களைத் தேடி எடுக்கவே எழுதப்பட்டது. ஆண்ட்ராய்டு, ஆப்பிள் இரண்டின் செயலிக் கடைகளிலும் அது இருந்தது.

கொஞ்சம் போட்டு, அழித்து, மீட்டுப் பாருங்கள்

பெரும்பாலானவர்கள் தாண்டிப்போவது இந்தப் படியைத்தான். நான் வலியுறுத்துவதும் இதையேதான். முழுப் பணத்தையும் மாற்றும் முன், மிகச் சிறிய தொகையை வைத்து முழு நாடகத்தையும் ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

செயலியில் பிட்காயின் கணக்கைத் திறந்து, பெறு என்பதை அழுத்துங்கள். ஒரு முகவரி வரும், பொதுவாக 'பிசி1' என்று தொடங்கும். அதே முகவரி கருவியின் சின்னத் திரையிலும் வரும். இரண்டையும் ஒப்பிடுங்கள். கணினித் திரையில் காண்பதை வைரஸ் மாற்றிவிடலாம், கருவியின் திரையை மாற்ற முடியாது. ஒவ்வொரு முறையும் புதிய முகவரி வருவது இயல்பு. பழைய முகவரிக்கு வந்த பணமும் உங்களுடையதுதான்.

முகவரியை நகலெடுத்து எக்ஸ்சேஞ்சின் அனுப்பும் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு மறுபடியும் கருவியோடு ஒப்பிடுங்கள். நகலெடுத்த முகவரியை நைசாகத் திருடனின் முகவரியாக மாற்றும் தீநிரல்கள் பல வருடமாகவே புழக்கத்தில் இருக்கின்றன. முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்து பார்த்தால் போதும் என்பார்கள். அதே எழுத்துகளில் தொடங்கி முடியும் போலி முகவரியை உருவாக்கி, சின்னத் தொகை அனுப்பி உங்கள் பழைய பரிவர்த்தனைப் பட்டியலில் நுழைக்கும் தந்திரமும் உண்டு. அதனால் நடு எழுத்துகளையும் பாருங்கள், பழைய பட்டியலிலிருந்து முகவரியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

2025 ஏப்ரல் 30 முதல் இங்கே நிதி உளவு மையத்தின் புதிய விதி அமலில் இருக்கிறது. டிராவல் ரூல் என்று பெயர். அதனால் நீங்கள் வெளியே அனுப்பும்போது, பெறுபவர் யார், அது இன்னொரு எக்ஸ்சேஞ்சா அல்லது சொந்த வாலட்டா என்று கேட்பார்கள். சொந்த வாலட் என்று தேர்ந்தெடுத்து உங்கள் பெயரையே கொடுங்கள். மறைக்க எதுவும் இல்லை. கேள்வி வந்ததும் பயந்து பொய்த் தகவல் கொடுத்தால்தான் கணக்கு முடங்கும்.

இருநூறு, முந்நூறு ரேண்ட் அனுப்பினால் போதும். எக்ஸ்சேஞ்சின் குறைந்தபட்ச வரம்பு அதற்கு மேல் என்றால் அந்த அளவு. பிட்காயினில் ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதாவது பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்பு, பதிவில் சேரும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் வந்திருக்கும். சில நேரம் ஒரு மணி நேரமும் ஆகும்.

வந்ததும், முதல் பெறும் முகவரியை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கருவியின் அமைப்புகளுக்குப் போய் முழுவதுமாக அழியுங்கள். ஆமாம், வேண்டுமென்றேதான். இப்போது கருவி புதிதாக வந்தது போல இருக்கும். மீட்டெடு என்பதைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் எழுதிய தாளைப் பார்த்து, கருவியிலேயே சொற்களை இடுங்கள். கணினி விசைப்பலகையில் சொற்களைத் தட்டச்சு செய்யச் சொன்னால் செய்யாதீர்கள். முடிந்ததும் அதே முகவரியும் அதே தொகையும் தெரிந்தால், உங்கள் கையெழுத்தும் தாளும் வேலை செய்கின்றன. தெரியாவிட்டால் ஒரு சொல் தப்பு, அல்லது வரிசை தப்பு. முந்நூறு ரேண்டோடு பாடம் முடிந்தது.

கடைசியாக, அந்தத் தொகையில் கொஞ்சத்தை எக்ஸ்சேஞ்சுக்கே திருப்பி அனுப்பிப் பாருங்கள். அவசரத்துக்கு விற்க வேண்டிய நாளில் முதல்முறையாக அதைக் கற்றுக்கொள்வது நல்லதல்ல. அது தேறியபின் மீதியை மாற்றுங்கள், அதையும் இரண்டு மூன்று தவணையாக.

டாலர் மதிப்பை ஒட்டியே இருக்கும் யுஎஸ்டிடி நாணயத்தை வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதே நாணயம் ஈத்தரியத்திலும் இருக்கிறது, ட்ரானிலும் இருக்கிறது, வேறு நெட்வொர்க்குகளிலும் இருக்கிறது. அனுப்பும் நெட்வொர்க்கும் பெறும் கணக்கின் நெட்வொர்க்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஈத்தரியத்தில் உள்ள யுஎஸ்டிடியை நகர்த்தக் கட்டணமாக அதன் சொந்த நாணயமான ஈத்தர் கொஞ்சம் வேண்டும், ட்ரானில் அதன் நாணயமான டிஆர்எக்ஸ். டோக்கன் மட்டும் இருந்து கட்டணத்துக்கு ஒன்றும் இல்லாவிட்டால் அது அங்கேயே கிடக்கும். எக்ஸ்ஆர்பி என்ற நாணயத்தை எக்ஸ்சேஞ்சுக்குத் திருப்பி அனுப்பும்போது, அது யார் கணக்குக்கு என்று காட்டும் டெஸ்டினேஷன் டேக் என்ற எண்ணை விட்டுவிடாதீர்கள்.

சொற்களை எங்கே வைப்பது

ஸ்டெஃபான் தாமஸ் என்ற நிரலாளரின் கதை உலகப் புகழ் பெற்றது. 7,002 பிட்காயினுக்கான சாவி ஒரு பூட்டிய பென் டிரைவில் இருந்தது. அதன் கடவுச்சொல் எழுதிய தாளைத் தொலைத்துவிட்டார். பத்து முயற்சிகள்தான் அனுமதி; எட்டு வீணாகிவிட்டது என்று 2021இல் செய்தி வந்தது. தாள் தொலைவது இவ்வளவு சாதாரணமான விஷயம்.

டர்பனின் கடற்காற்றில் சாதாரணக் காகிதம் சில வருடத்தில் பழுப்பேறும், பால்பாயின்ட் மை மங்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாசுலு-நட்டாலில் வீடே அடித்துப் போனவர்கள் இருக்கிறார்கள். ஆகவே தொகை பெரிதானால், துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் எழுத்துகளைக் குத்தி வையுங்கள். இதற்கென்று விற்கும் தகடுகள் உண்டு. ஹார்ட்வேர் கடையில் தகடும் எழுத்து உளியும் வாங்கி நீங்களே அடித்தாலும் அதே பலன். கடைக்காரரிடமோ பொறிப்பவரிடமோ கொடுத்து எழுதச் சொல்லாதீர்கள்.

இரண்டு பிரதிகள், இரண்டு வீடுகள். ஒன்று உங்களிடம். இன்னொன்று முத்திரையிட்ட உறையில், நீங்கள் உயிரையே நம்பிக் கொடுக்கக்கூடிய ஒருவரிடம், முடிந்தால் வேறு ஊரில். நீங்கள் டர்பனில் என்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலோ ஜோஹன்னஸ்பர்கிலோ இருக்கும் உடன்பிறப்பு. இங்குள்ள பெரிய வங்கிகளில் பல லாக்கர் வசதியைக் கைவிட்டுவிட்டன. தனியார் பெட்டக நிறுவனங்கள் இருக்கின்றன, வாடகை கட்டத் தயாரென்றால். வீட்டில் நகை வைக்கும் இடத்தில் வைக்காதீர்கள். கொள்ளையர் முதலில் போவது அங்கேதான். சாமி அறைப் படத்துக்குப் பின்னால் என்பதும் அவர்களுக்குத் தெரிந்த இடம்.

24 சொற்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்து இரண்டு இடத்தில் வைக்கலாமே என்று அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம். இரண்டில் எது தொலைந்தாலும் எல்லாம் தொலைந்தது. ஆபத்தை இரண்டு மடங்காக்குகிறீர்கள். பாஸ்ஃபிரேஸ் என்ற கூடுதல் ரகசியச் சொல் வசதியும் உண்டு. மீட்புச் சொற்களோடு அதையும் சேர்த்தால் வேறொரு தனி வாலட் திறக்கும். மிரட்டிக் கேட்பவனிடம் சிறு தொகை உள்ள வாலட்டைக் காட்டிவிட்டு மீதியை மறைக்க அது உதவும். ஆனால் அந்தச் சொல்லை மறந்தால் எந்த நிறுவனமும் மீட்டுத் தர முடியாது. முதல் வருடம் அதைத் தொடாமல் இருப்பதே என் யோசனை.

யார் கேட்டாலும் இல்லை

உங்கள் மீட்புச் சொற்களை நியாயமாகக் கேட்கக்கூடிய ஒரே இடம் உங்கள் கருவியின் திரை. லெட்ஜர் ஆதரவு மையம் என்று போன் வந்தாலும், எக்ஸ்சேஞ்சின் மேலாளர் என்றாலும், வரித்துறையான சார்ஸின் அதிகாரி என்றாலும் சொல்லக்கூடாது. 2025இல் லெட்ஜர் பெயரில் அச்சிட்ட கடிதங்கள் தபாலில் போயின. க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து சொற்களை இட்டு "சரிபார்க்க" வேண்டும் என்று அவற்றில் இருந்தது. நிறுவனத்தின் லோகோ, கையெழுத்து எல்லாம் கச்சிதம். நம் பெரியவர்கள் மின்னஞ்சலைச் சந்தேகிப்பார்கள், தபாலில் வந்த கடிதத்தை நம்பிவிடுவார்கள். அதனால் வீட்டுப் பெரியவர்களிடம் இதைக் குறிப்பாகச் சொல்லுங்கள்.

கருவி திரையில் காட்டுவது புரியாவிட்டால் அனுமதி கொடுக்காதீர்கள். 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 150 கோடி டாலர் ஈத்தர் களவு போனது. கையெழுத்துப் போட்டவர்கள் கைதேர்ந்தவர்கள். கணினித் திரை ஒன்றைக் காட்டியது, அவர்கள் உண்மையில் கையெழுத்திட்டது வேறொன்றுக்கு. நீங்கள் டிஃபை (வங்கி இல்லாமல் இணையத்தில் கடன், வட்டி), என்எஃப்டி (டிஜிட்டல் படம் போன்றவற்றின் உரிமைச் சீட்டு) என்று விளையாட ஆசைப்பட்டால் அதற்கென்று சிறு தொகையோடு தனி வாலட் வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்பு வாலட்டை எந்த இணையதளத்தோடும் இணைக்க வேண்டாம்.

ஃபர்ம்வேர் புதுப்பிப்பு வந்தால் அன்றே ஓட வேண்டியதில்லை. சில நாள் பொறுத்து, சொற்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை உறுதி செய்துகொண்டு, செயலிக்குள்ளிருந்து மட்டும் செய்யுங்கள்.

சார்ஸும் வாரிசும்

உங்கள் எக்ஸ்சேஞ்ச் கணக்கிலிருந்து உங்கள் சொந்த வாலட்டுக்கு மாற்றுவது விற்பனை இல்லை. உரிமையாளர் மாறவில்லை, ஆகவே அதற்கு வரி இல்லை. விற்பதும், ஒரு நாணயத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதும்தான் வரிக்குரியவை. வழக்கமான வருமான வரி விதிகளே கிரிப்டோவுக்கும் பொருந்தும் என்று சார்ஸ் 2018இலேயே சொல்லிவிட்டது. சிக்கல் பதிவேட்டில்தான். நீங்கள் வாங்கிய விலை எக்ஸ்சேஞ்சில் மட்டும் இருக்கும், வாலட்டுக்கு அது தெரியாது. ஒவ்வொரு பிப்ரவரி இறுதியிலும் வரி ஆண்டு முடியும்போது எக்ஸ்சேஞ்சிலிருந்து முழுப் பரிவர்த்தனைப் பட்டியலை இறக்கி வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதி, அளவு, அன்றைய ரேண்ட் மதிப்பு, கட்டணம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வருமான வரி விவரம் தாக்கல் செய்தபின் ஐந்து ஆண்டுகள் அவற்றை வைத்திருக்க வேண்டும்.

வாரிசு விஷயத்தில் நம்மவர்களுக்குக் கூச்சம் அதிகம். சாவைப் பற்றிப் பேசினால் அபசகுனம் என்று தள்ளிப்போடுவோம். வங்கிக் கணக்கென்றால், இறந்தவர் சொத்துகளைக் கவனிக்கும் அரசின் மாஸ்டர் அலுவலகக் கடிதத்தோடு நிறைவேற்றுநர் போய் எடுத்துவிடலாம். இங்கே எந்தக் கடிதமும் எந்தக் கதவையும் திறக்காது. ஆனால் சொற்களை உயிலில் எழுதிவிடாதீர்கள். இறப்புக்குப் பின் உயில் மாஸ்டர் அலுவலகத்தில் பதிவாகும், யாரும் கேட்டுப் பார்க்கலாம். உயிலில் கிரிப்டோ இருக்கிறது, அது யாருக்கு என்பதை மட்டும் எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக இருக்கக்கூடாது.

தனியாக ஒரு கடிதம் எழுதி வையுங்கள். எந்தக் கருவி, எந்தச் செயலி, என்னென்ன நாணயங்கள், சொற்களின் பிரதி யாரிடம், அவசரப்பட்டு யாரிடமும் உதவி கேட்க வேண்டாம் என்ற வரி. சொற்கள் அந்தக் கடிதத்தில் இருக்கக்கூடாது. வீட்டில் ஒருவரையாவது, மனைவியோ மூத்த மகளோ, உட்கார வைத்து முந்நூறு ரேண்ட் ஒத்திகையை அவர் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு பாருங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்தைக் கடிதத்தில் இன்னும் விளக்கமாக எழுதுங்கள். கருவியையோ எக்ஸ்சேஞ்சையோ மாற்றினால் கடிதத்தையும் மாற்றித் தேதி போட்டுவிடுங்கள், பழையதைக் கிழித்துப் போடுங்கள்.